ஐந்து வருடமும் சட்டம்தானா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் பி.ஏ., எல்எல்.பி. சேர்கிறாள். ஐந்து வருடமும் சட்டம் மட்டும்தான் படிக்க வேண்டுமா?

பதில்: இல்லை. மொத்தம் 10 செமஸ்டர். தொடக்கத்தில் அரசியல் அறிவியல், சமூகவியல், பொருளாதாரம் போன்றவற்றோடு ஒப்பந்தச் சட்டமும் கலந்து வரும். கலைப் பாடங்களை ஒதுக்கினால் அரசியலமைப்புச் சட்டத்தில் தடுமாற்றம் நிச்சயம்.

குற்றவியலுக்குப் பழைய புத்தகம் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. கொலைக்கான தண்டனைப் பிரிவு 302 அல்ல, 103.

மனு வரைதல், மாதிரி நீதிமன்ற வாதம் ஆகியவையும் உண்டு. பலர் கோட்டைவிடுவது இன்டர்ன்ஷிப்பில்தான். குறைந்தது 20 வாரம் கட்டாயம்; ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், முதல் விடுமுறையிலேயே தொடங்கச் சொல்லுங்கள். இன்டர்ன்ஷிப் நாட்குறிப்பையும் அன்றன்றே எழுதட்டும்.