அலமாரி நிறையச் சேர்ந்த பைகளை என்ன செய்வது?

அலமாரி முழுக்கப் பிளாஸ்டிக் பைகள், மறுசுழற்சித் தொட்டியில் போட்டால் எடுக்க மறுக்கிறார்கள், வாங்கிய துணிப்பையோ வீட்டிலேயே தூங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர்கள் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டில், டப்பாவோடு இந்த மெல்லிய பையும் போனால், தரம் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொள்ளும். அப்புறம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஆள் இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். அதனால் பைகளை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளும் இடம் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பையின் மேல் முக்கோணத்துக்குள் 2 அல்லது 4 என்று இருந்தால் அது பாலிஎத்திலீன். பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள். துடைத்து, நன்றாகக் காயவைத்து, உள்ளே ரசீது ஒட்டிக்கிடக்காமல் கொடுங்கள். ‘மக்கும்’ என்று அச்சிட்ட பையை இதோடு கலக்காதீர்கள், உருக்கும்போது தரம் கெடும்.

கிழியாத பைகளை அவசரப்பட்டுத் தள்ள வேண்டாம். ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை குப்பைக்கூடைக்கு உறையாகட்டும்.

சரி, துணிப்பை. மறந்துபோகிறது என்பதற்காக இன்னும் நான்கைந்து வாங்கிவிடாதீர்கள். 2011இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை போட்ட கணக்குப்படி, ஒரே முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் பாதிப்பு குறைய, ஒரு பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும்! இருப்பதையே வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டுங்கள். சாமானை இறக்கிய கையோடு திரும்ப அங்கேயே மாட்டிவிட வேண்டும். நான் சறுக்கியதெல்லாம் இந்த இடத்தில்தான்.