திருமணப் படங்களை ரா (RAW) வடிவில் எடுப்பதா, ஜேபெக் (JPEG) வடிவில் எடுப்பதா?

மஞ்சள் விளக்கொளியும் சன்னல் வெளிச்சமும் கலந்து விழும் மண்டபத்தில் எந்த வடிவில் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் ரா வடிவில் எடுங்கள்; கேமராவில் ஒளியைப் பதியும் சில்லான சென்சார் தரும் தகவலைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. ஜேபெக் கோப்பு ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட், அதாவது 256 ஒளிர்வு நிலைகளை மட்டுமே வைத்துக்கொண்டு, வெள்ளைச் சமநிலையையும் (வெள்ளை நிறம் வெள்ளையாகவே தெரியும்படி வண்ணங்களைச் சரிசெய்வது) கேமராவுக்குள்ளேயே முடிவு செய்து, மீதித் தகவலைக் கைவிட்டுவிடுகிறது. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 நிலைகள் வரை இருப்பதால், மணமகனின் வெள்ளை வேட்டி சற்று வெளிறிப்போயிருந்தாலும், சென்சாரின் கொள்ளளவு முற்றிலும் நிரம்பிவிடாத வரை, அதன் மடிப்புகளைப் பின்னர் மீட்டெடுக்க முடியும். முகங்களில் படிந்த மஞ்சளையும் தரம் கெடாமல் திருத்தலாம். கோப்புகள் பெரியவை என்பதால் கூடுதல் மெமரி கார்டு அவசியம். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால், இரு வடிவங்களிலும் ஒருசேரப் பதியும் வசதியைப் பயன்படுத்துங்கள்.