டிசம்பர் விற்பனை ஜனவரியில் போய் விழுவது ஏன்?

கேள்வி: எங்கள் கடைக்குப் பைத்தானில் வாராந்திர விற்பனை அறிக்கை எழுதியிருக்கிறேன். ஆண்டு, வார எண் இரண்டையும் வைத்துத் தொகுக்கிறேன். 2025இன் முதல் வாரத்தில் மட்டும் தொகை எகிறி நிற்கிறது. டிசம்பரின் கடைசி மூன்று நாள் விற்பனையோ கடைசி வாரத்தில் இல்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் அறிக்கையில் அந்த வாரத்துக்கு எட்டு நாள். 2025 ஜனவரி 1 முதல் 5 வரை ஐந்து, அதே ஆண்டு டிசம்பர் 29, 30, 31 மூன்று. வார எண்ணைப் பைத்தானின் ஐசோகேலண்டர் (தேதிக்கு வார எண் தரும் செயல்பாடு) வழியாக எடுத்துவிட்டு, ஆண்டைத் தேதியிலிருந்து நேரடியாக எடுத்திருப்பீர்கள். இரண்டும் ஒரே ஆண்டாக இருக்க வேண்டியதில்லை.

ஐசோகேலண்டர் பின்பற்றும் ஐஎஸ்ஓ 8601 (தேதி, நேரம் எழுதுவதற்கான சர்வதேசத் தரம்) முறையில் வாரம் திங்களன்று தொடங்கும். அது எந்த ஆண்டின் வாரம் என்பதை அதன் வியாழக்கிழமைதான் முடிவு செய்யும். வியாழன் நடுநாள் என்பதால், அது விழும் ஆண்டில்தான் வாரத்தின் பெரும்பகுதி இருக்கும். 2025 டிசம்பர் 29 திங்கள். அந்த வார வியாழன் 2026 ஜனவரி 1. ஆகவே அந்த வாரம் முழுவதும் 2026இன் முதல் வாரம். இது மறுபக்கமும் நடக்கும்: 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை, 2026இன் 53ஆம் வாரத்தைச் சேர்ந்தது. ஆண்டுக்கு 52 வாரம்தான் என்று நிரலில் எங்காவது எழுதியிருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். ஓர் ஆண்டின் கடைசி வார எண் தெரிய வேண்டுமா? டிசம்பர் 28இன் வார எண்ணைப் பாருங்கள், அந்தத் தேதி எப்போதும் கடைசி வாரத்தில்தான் வரும்.

திருத்தம் சின்னதுதான். ஐசோகேலண்டர் ஆண்டு, வாரம், கிழமை என மூன்றைத் தருகிறது. முதல் இரண்டையும் அதிலிருந்தே எடுங்கள். எழுத்து வடிவில் வேண்டுமென்றால் ஸ்ட்ரஃப்டைமில் (தேதியை எழுத்தாக மாற்றும் செயல்பாடு) பெரிய ஜி (%G, வாரம் சேர்ந்த ஆண்டு), பெரிய வி (%V, வார எண்) இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். வி-யோடு பெரிய ஒய் (%Y, சாதாரண ஆண்டு) சேர்த்தால் இதே பிழை திரும்ப வரும். ஜாவாவில் பொறி வேறு விதம்: அங்கே பெரிய ஒய் என்பதே வார ஆண்டு, அதாவது வாரம் சேர்ந்த ஆண்டு. சாதாரணத் தேதிக்கு அதைப் போட்டுவிட்டால் டிசம்பர் கடைசியில் ஆண்டு ஒன்று கூடிவிடலாம்.

எக்செலோடு ஒப்பிடுவீர்கள் என்றால் இன்னொன்று. அதன் வீக்நம் செயல்பாடு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், வாரத்தை ஞாயிறில் தொடங்கி, ஜனவரி 1 உள்ள வாரத்தையே முதல் வாரம் என்கிறது. எக்செல் 2013இலிருந்து ஐஎஸ்ஓவீக்நம் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், வார எண்ணை வைத்துத் தொகுக்கவே வேண்டாம். ஒவ்வொரு தேதிக்கும் அந்த வாரத் திங்கள் எந்தத் தேதி என்று கண்டுபிடித்து அதை வைத்துத் தொகுங்கள். பைத்தானின் வீக்டே திங்களுக்கு 0, ஞாயிறுக்கு 6 தரும். அத்தனை நாளைத் தேதியிலிருந்து கழித்தால் திங்கள் கிடைத்துவிடும். ஆண்டு மாறினாலும் குழப்பமில்லை, வரிசையும் சரியாக வரும். வார எண்ணை அறிக்கையில் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனை நேரம் யூடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) சேமிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் திங்கள் அதிகாலை 5.30க்கு முன் வந்த ஆர்டர்கள் ஞாயிறாகக் கணக்காகி முந்தைய வாரத்தில் சேர்ந்திருக்கும். முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் திங்களைக் கண்டுபிடியுங்கள்.