தெள்ளு கடித்தால் சொறிச்சல் மட்டும்தானா? வாசகர் கேள்விகளுக்கு மிருக வைத்தியரின் பதில்கள்

மாரி மழை தொடங்கினால் போதும், தெள்ளுக் கேள்விகள் வரிசை கட்டி வரும். இந்தமுறை சொறிச்சலை விட்டுவிட்டு, தெள்ளு காவிக்கொண்டு வரும் பக்டீரியா நோய்களைக் கேட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி (காத்தான்குடி): பூனைக்குட்டி மகளை விறாண்டி இரண்டு கிழமை இருக்கும். இப்போது அக்குளில் சின்னக் கட்டி, இலேசான காய்ச்சல். மாமி குட்டியைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்கிறா. விடத்தான் வேணுமா டொக்டர்?

விட வேண்டாம். முதலில் மகளை வைத்தியரிடம் காட்டுங்கள். அக்குள் கட்டிக்குப் பல காரணம் இருக்கலாம், அதனால் பூனை விறாண்டியதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். விறாண்டிய அன்று விசர்நோய்த் தடுப்பூசி பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை என்றால் அதையும் இன்றைக்கே கேளுங்கள். எந்தப் பூனையோ நாயோ விறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் முறை.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பூனை விறாண்டல் காய்ச்சலாக இருக்கலாம். பார்ட்டனெல்லா ஹென்செலே என்ற கிருமி. தெள்ளு பூனையின் இரத்தத்தைக் குடிக்கும்போது அதன் குடலுக்குள் போய்ப் பெருகி, தெள்ளின் கழிவோடு வெளியே வந்து பூனையின் மயிரில் ஒட்டிக்கொள்கிறது. பூனை தன்னைச் சொறியும்போது அந்த ஊத்தை நகத்துக்குள் ஏறும், அந்த நகம்தான் பிள்ளையின் தோலைக் கிழித்திருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகளில்தான் இது கூடுதல். பூனை பெரும்பாலும் நோயே இல்லாததுபோல ஓடியாடித் திரியும், அதற்கு அன்டிபயோட்டிக் கொடுத்துத் திரிய வேண்டியதில்லை. நல்ல சுகதேகிகளுக்குக் கட்டி சில கிழமைகளில், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்களில் தானாகவே வற்றிவிடும். புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், இதய வால்வில் குறை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் அலட்சியம் கூடாது.

குட்டியைச் சந்தையில் விட்டால் மகள் அடுத்த மாதம் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வருவா, அதிலும் தெள்ளு இருக்கும். அதைவிட, ஈருகொல்லிச் சீப்பால் குட்டியின் வாலடியில் வாரிப் பாருங்கள். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புத் துகள் வந்தால், நனைத்த வெள்ளைப் பஞ்சில் வைத்து அழுத்துங்கள். சுற்றிவரச் செம்மண்ணிறம் ஊறினால் அது மண் இல்லை, தெள்ளின் கழிவு. பூனையின் இரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

கேள்வி (சம்மாந்துறை): வயலுக்குப் போகும் கணவருக்குக் காய்ச்சல், தலையிடி, உடம்பில் சிவப்புப் புள்ளிகள். தெள்ளால் வருகிற காய்ச்சலாக இருக்கலாம் என்கிறார்கள். எலிக்காய்ச்சல்தானே இது?

இல்லை, இரண்டும் வேறு. எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரால், காயம் வழியாக வருவது. உங்களிடம் சொன்னது ரிக்கெட்சியா என்ற பக்டீரியா வகையால் வரும் காய்ச்சலாக இருக்க வேண்டும். எலித்தெள்ளு, சிலவேளை பூனைத்தெள்ளு, கடித்த இடத்திலேயே கழிவையும் விடும். நாம் சொறிந்து அதை உள்ளே தேய்த்துவிடுகிறோம். இரண்டு காய்ச்சலுக்கும் டொக்ஸிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் கொடுப்பதால்தான் குழப்பம். முதல் நாட்களில் டெங்கும் இதே மாதிரித்தான் இருக்கும், அதனால் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம். குளுசையை இடையில் நிறுத்தவும் கூடாது, மிஞ்சியதை நாய்க்குப் போடவும் கூடாது.

அப்புறம், நெல் மூட்டையை வீட்டுக்குள் அடுக்கியிருந்தால் எலி வரும், அது தெரிந்ததுதான். ஆனால் எலிக்கு மட்டும் நஞ்சு வைத்துவிட்டு இருக்காதீர்கள். எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அதிலிருக்கும் தெள்ளு அடுத்த சூடான உடம்பைத் தேடும், அது உங்கள் நாயாகவோ நீங்களாகவோ இருக்கலாம். தெள்ளுக்கு முதலில் மருந்து, எலிக்குப் பிறகு.

கேள்வி (கல்லடி): கிழமைக்கு ஒருமுறை நாயைக் கடலில் குளிப்பாட்டுகிறேன், தெள்ளு போகவே இல்லை. கடல் உப்புக்குச் சாகாதா?

சாகாது. செத்தாலும் பயனில்லை, ஏனென்றால் நாயில் நீங்கள் காண்பது கொஞ்சம்தான், மிச்சம் வீட்டில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40 முட்டை வரை போடும். அவை ஒட்டாமல், நாய் படுக்கும் சாக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் உதிர்ந்துவிடும். வெயில் சுட்டெரிக்கும் வெறும் மணலில் புழு தப்பாது. நிழலும் ஈரமும் உள்ள விறாந்தை ஓரம், அடுக்கிவைத்த கிடுகு, இவைதான் அதற்கு வசதி. பிறகு கூட்டுக்குள் போய்விட்டால் மருந்தும் எட்டாது, மாதக்கணக்கில் கிடந்து, காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே பாயும். பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் கடிப்பது இதனால்தான்.

சாக்கை எரித்துவிடுங்கள், இல்லையென்றால் கொதிநீரில் போடுங்கள். மூலை முடுக்கெல்லாம் ஒன்றைவிட்டொரு நாள் கூட்டுங்கள். வீட்டில் உள்ள எல்லா நாய் பூனைக்கும் ஒரே நாளில் மருந்து போட்டு, குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடருங்கள். கழுத்தில் விடும் மருந்து போட்ட நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் கடலுக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): நாய்க்கு வாங்கிய கழுத்து மருந்தில் பாதியைப் பூனைக்கு விடலாமா?

கூடாது. நாய் மருந்துகள் பலவற்றில் பேர்மெத்ரின் இருக்கிறது, பூனைக்கு அது நஞ்சு. நடுக்கம், வலிப்பு வந்து செத்தே போகும். மண்ணெண்ணெய், கர்ப்பூரம் போட்ட எண்ணெய், இவையும் வேண்டாம், பூனை நக்கிவிடும்.

கேள்வி (வாழைச்சேனை): பூனை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை, முரசு வெள்ளையாக இருக்கிறது. உடம்பு நிறையத் தெள்ளு. பனடோல் கால் குளுசை கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பூனைக்குப் பனடோல் உயிர் போகிற விசயம், காற்குளுசையும் போதும். முரசு வெளுத்திருப்பது இரத்தம் குறைந்ததற்கு அடையாளம். தெள்ளு குடித்துத் தீர்த்ததாக இருக்கலாம், அல்லது சிவப்பணுக்களில் ஒட்டி அழிக்கும் மைக்கோபிளாஸ்மா கிருமியாக இருக்கலாம், தெள்ளுதான் அதைப் பரப்புகிறது என்ற சந்தேகம் உண்டு. இரத்தத்தைப் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. கிருமி என்றால் கிழமைக்கணக்கில் டொக்ஸிசைக்கிளின் தருவார்கள். அந்தக் குளுசையை விழுங்கவைத்ததும் ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் தண்ணீர் கொடுக்க வேண்டும், தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாகும். இதை வாசித்து முடித்ததும் பூனையைப் பெட்டியில் வைத்துக் கிட்டவுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.