கையெழுத்துப் போட்ட அண்ணன் இறந்துட்டா ஒப்பந்தம் செல்லுமா?

காயத்துக்கு 2 லட்ச ரூபாய் போதும்னு உங்க அண்ணன் மொதலாளிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த முத்திரைத்தாள் உங்க அண்ணியைக் கட்டுப்படுத்தாது. குலசேகரத்துல ரப்பர் பால்வெட்டப் போய் விழுந்த காயத்தாலதான் அண்ணன் இறந்தார்னா, இறப்புக்கான இழப்பீடு தனி. 2025 நவம்பர்ல புதுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி நடந்த விபத்துன்னா, 1923-ம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 8-ம் பிரிவுப்படி மொதலாளி அதைத் தொழிலாளர் துறை இழப்பீட்டு ஆணையர்கிட்டதான் கட்டணும். வீட்டுக்கு வந்து கையில கொடுத்தா கணக்குல வராது, மூணு மாசக் கூலி முன்பணம் தவிர.

ஒப்பந்தத்தை மொதலாளி பதிவே பண்ணியிருக்க மாட்டார், பெரும்பாலும் அப்படித்தான். தொழிலாளர் துறை அலுவலகத்துல அதே சட்டத்தோட 28-ம் பிரிவுப்படி ஒப்பந்தம் பதிவாகியிருக்கான்னு கேளுங்க. பதிவுக்கு அனுப்பவே இல்லைன்னா 29-ம் பிரிவு அவர் தலையிலதான் விழும்: சட்டப்படியான முழுத்தொகையும் கொடுக்கணும்.

போஸ்ட்மார்ட்டம் அறிக்கையை முதல்ல வாங்குங்க. காயத்துக்கும் சாவுக்கும் தொடர்பு அதுல இல்லைன்னா கஷ்டம். இறந்த நாள்லயிருந்து 2 வருஷத்துக்குள்ள மனு போடணும். அண்ணனுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்திருந்தா இந்த வழி கிடையாது, அங்கதான் கேட்கணும்.