மறுமொழி: கார்மின் ஈட்ரெக்ஸ் 20எக்ஸில் டிராக் பாதியிலேயே நின்றுவிடுகிறது

உங்கள் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் டிராக் (பாதையை வரிசையான புள்ளிகளாகக் காட்டும் பதிவு) பாதியில் நிற்கிறது, அதில் 14,000 புள்ளிகள் இருக்கின்றன, வரைபடமும் காலியாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டிராக் நிற்பதற்குக் காரணம் புள்ளிகளின் எண்ணிக்கைதான். அந்தக் கருவி ஒரு டிராக்கில் 10,000 புள்ளிகள்தான் ஏற்கும், மிச்சத்தை வெட்டிவிடும். கோப்பில் பிழையில்லை.

கணினியில் கியூமேப்ஷாக் என்ற வரைபட மென்பொருளில் டிராக்கைத் திறந்து, ஃபில்டர் பகுதியில் டக்ளஸ் பியூக்கரை (தேவையற்ற புள்ளிகளைக் குறைக்கும் முறை) தேர்ந்து, விலகல் அளவாக 5 மீட்டர் கொடுங்கள். நேராகப் போகும் இடத்தில் புள்ளிகள் குறையும், வளைவில் நிற்கும். 20 மீட்டர் வேண்டாம்: கொண்டை ஊசி வளைவுகள் ஒட்டிப்போய், எந்தக் கிளையில் திரும்புவது என்றே திரையில் தெரியாது. இந்த ஃபில்டர் புள்ளிகளை மறைக்க மட்டுமே செய்யும். மறைத்தவற்றை நிரந்தரமாக நீக்கிவிட்டு, ஜிபிஎக்ஸ் (ஜிபிஎஸ் பாதைகளுக்கான கோப்பு வகை) கோப்பாகச் சேமித்து, கருவியில் கார்மின் ஃபோல்டருக்குள் உள்ள ஜிபிஎக்ஸ் ஃபோல்டரில் போடுங்கள்.

டிராக்கை ரூட்டாக (சில இடங்களை மட்டும் குறித்து, இடைவழியைக் கருவியிடம் விடும் வகை) மட்டும் மாற்றாதீர்கள். கருவி தன் வரைபடத்தை வைத்து வழியை மறுபடி கணக்கிட்டு, ஒற்றையடிப் பாதையை விட்டு உங்களைத் தார்ச்சாலைக்கு இழுத்துவிடும்.

வரைபடம் காலியாகத் தெரியும் சிக்கலுக்குத் தீர்வு: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து செய்த ஐஎம்ஜி கோப்பை (கார்மின் கருவிகளுக்கான வரைபடக் கோப்பு), ஃபேட்32 என்ற வடிவில் ஃபார்மேட் செய்த மெமரி கார்டில் கார்மின் என்ற ஃபோல்டருக்குள் வையுங்கள். பிறகு மேப் அமைப்பில் அதை இயக்க வேண்டும், பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.