மூளைக்குள் ஒரு நடைத்தாளம்

கேள்வி: எலி ஓடும்போது அதன் மூளையில் 'தீட்டா' அலை எழுமாம். நமக்கும் அப்படித்தானா? நடை நின்றால் அலையும் நின்றுவிடுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நமக்கும் உண்டு, ஆனால் போக்கு வேறு. ஓடும் எலியின் ஹிப்போகேம்பஸில் (நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவும் மூளைப் பகுதி) அது நொடிக்குச் சுமார் 8 முறை, விடாமல் அடிக்கும். மனிதரிடம் விட்டுவிட்டு வரும். கணினித் திரையில் வழி தேடும்போது பெரும்பாலும் நொடிக்கு 1 முதல் 4 வரைதான். காலால் நடந்தால் 8ஐ ஒட்டிய அலையும் தென்படுகிறது.

வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனை பொருத்தப்பட்டவர்களிடம்தான் இதை நேரடியாக அளக்க முடிகிறது. 1999இல் மூளை ஆய்வாளர் மைக்கேல் கஹானா குழுவினர் அப்படிப்பட்ட நோயாளிகளைத் திரையில் புதிர்ப்பாதைகளுக்குள் போகவிட்டார்கள். பாதை சிக்கலானபோது தீட்டா கூடியது. கற்கும்போது வந்ததைவிட, கற்ற வழியை நினைவிலிருந்து எடுத்துப் போகும்போது அதிகம் வந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு 2016இல் மூளை ஆய்வாளர் ஆர்ன் எக்ஸ்ட்ரோம் குழு செய்த சோதனையே பதில். திரையில் நடப்பவர் ஒரு கதவுக்குள் நுழைவார். சில நொடி வெறும் கறுப்பு. பிறகு வேறோர் இடத்தில் வெளிவருவார். காலும் அசையவில்லை, கண்ணுக்கும் எதுவும் இல்லை. அலை அப்போதும் ஓடியது! தாண்டிய தூரம் குறைவா, அதிகமா என்பதுகூட அதில் தெரிந்தது. அதாவது, தாளம் போடுவது கால் மட்டுமல்ல, நினைவும்தான்.

கேள்வி: நெற்றியில் கட்டும் மூளை அலைப் பட்டையால் நடக்கும்போது இதை அளக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: முடியாது. ஹிப்போகேம்பஸ் பொட்டெலும்புக்கு அப்பால், மூளையின் ஆழத்தில் சுருண்டு கிடக்கிறது. சுருண்டிருப்பதால் அதன் மின்னோட்டங்கள் ஓரளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிச்சத்தை மண்டை ஓடு மங்கவைக்கும். இன்னொரு வம்பும் உண்டு. சாதாரண நடையில் நொடிக்கு ஏறக்குறைய 2 அடி வைக்கிறோம். ஒவ்வோர் அடிக்கும் பட்டை குலுங்கும். நீங்கள் தேடும் அலையில் ஒரு பங்கும் நொடிக்கு 1–4 என்ற அதே வேகத்தில்தான்! பட்டை பதிவது உங்கள் காலடியை. போதாததற்குக் கண் சிமிட்டலும் அதே வேக வரம்பில் வந்து விழும்.

மூளைக்குள்ளேயே அளப்பவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. எந்த மின் இரைச்சலையும் ஒரு குறுகிய வேக வரம்புக்கு வடிகட்டினால் அலைபோலத்தான் தெரியும். அதனால் பின்னணியைவிடத் தெளிவாக உயர்ந்து, குறைந்தது 3 சுற்றாவது தொடர்ந்தால்தான் கணக்கில் சேர்ப்பது வழக்கம். நொடிக்கு 2 சுற்று என்றால் ஒன்றரை நொடி. வலிப்பு கிளம்பும் இடத்து மின்முனைகளையும், வலிப்புக் கூர்முனைகள் (வலிப்பு நோயில் திடீரென எழும் கூர்மையான மின் துள்ளல்கள்) வந்த நொடிகளையும் முதலிலேயே கழித்துவிட வேண்டும்.